விற்பனையும் களைகட்டியது

விரால் சீக்கிரம் சாகாது. தண்ணீரை விட்டு எடுத்து அரை நாள் ஆனாலும் ஈரச் சாக்குக்குள் புரண்டுகொண்டிருக்கும். அதனால் மீன்பிடித் திருவிழா நடக்கிற கண்மாயில், ஆட்களின் கூச்சலை மீறிக் கேட்பது அடிக்கிற சத்தம்தான். கரையேறியவர்கள் மீனைக் கல்லில் ஓங்கி அறைவார்கள். கல் கிடைக்காதவர்கள் செருப்பால் தலையில் அடிப்பார்கள். சேறும் ரத்தமும் கலந்து கரையோரம் வழுக்கும்.

அப்போது நான் திண்டுக்கல்லில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை தொடர்ந்து ஏமாற்றிய வருஷங்கள் அவை. நத்தம் சாலையில் இருந்த அந்த ஊரின் கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான் மிச்சம். மீன் வளர்க்கக் குத்தகை எடுத்திருந்தவர் நஷ்டம் என்று பாதியில் விட்டுப் போயிருந்தார். மீன் சேற்றில் செத்து நாறுவதற்கு முன் ஊருக்குத் திறந்துவிடுவதென்று முடிவு செய்தார்கள். விடிந்ததும் சாமி கும்பிட்டு, ஊர் நாட்டாமை கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசினார். இருநூறு பேராவது ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் கையில் ஊத்தா. மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை அது. சேற்றில் குத்தி அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையைவிட்டு உள்ளே சிக்கியதைப் பிடிக்க வேண்டும். ஒருவர் ஊத்தா இன்னொருவர் பாதத்தில் இறங்கியது. ஒருவருக்குக் கெளுத்தி முள் உள்ளங்கையைத் துளைத்து மறுபக்கம் வந்தது. அவர் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி குனிந்தார்.

அந்தக் கூட்டத்தில் ஐந்து பெண்கள் மட்டும் தனியாகத் தெரிந்தார்கள். நான்கு பழைய நைலக்ஸ் சேலைகளை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, இரண்டு முனையிலும் கயிறு கட்டி, அரைவட்டமாக வளைத்துக் கரையை நோக்கி இழுத்து வந்தார்கள். பின்பக்கமாக நடந்து, குதிகாலைச் சேற்றில் ஊன்றி, ஒரே மூச்சில் இழுத்தார்கள். வலை கூடாது, கூடையும் ஊத்தாவும்தான் என்று நாட்டாமை சொல்லியிருந்தார். சேலை கூடாது என்று அவர் சொல்லவில்லை.

கரையில் நின்ற ஒரு கிழவர் கேட்டார்: "ஏத்தா, சேலையை அவுத்து மீன் பிடிக்கிறதுதான் உங்க ஊரு வழக்கமா?"

கயிற்றின் தலைப்பைப் பிடித்திருந்த பெண் திரும்பாமலே சொன்னாள்: "எங்க ஊரு மீனு சேலைக்கு மயங்காது தாத்தா. உங்க ஊரு மீனு மயங்குது, நான் என்ன செய்ய?"

கிழவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அதிக மீன் அந்தச் சேலைக்குத்தான்.

அவர்கள் ராமநாதபுரம் கடற்கரையைச் சேர்ந்தவர்கள். தொண்ணூறுகளின் நடுவில் குத்தகைதாரர் கண்மாயில் வலை இழுப்பதற்காக ஐந்து குடும்பங்களைக் கூட்டி வந்தார். கூப்பிட்டதும் வந்ததற்குக் காரணம், சொந்த ஊரில் அவர்களுக்கு வீடு இல்லை. கயிறு பிடித்த பெண் அதைப் பிறகு என்னிடம் சொன்னாள். கடல் முதலில் கருவாடு காயப்போடுகிற மணலை எடுத்தது. அடுத்த வருஷம் கிணற்றில் உப்பு ஏறியது. பிறகு சிலுவை நின்ற குருசடி. மூன்று முறை வீட்டைப் பிரித்துப் பின்னால் தள்ளிக் கட்டினார்கள். நான்காம் முறை பின்னால் உப்பளக்காரரின் மதில்தான் இருந்தது. ஐப்பசியில் ஒரு பகல், சோறு கொதிக்கும்போது அலை அடுப்பங்கரைச் சுவரை அடித்தது. சுவர் அவள் புருஷன் இடுப்பின் மேல் விழுந்தது.

அவன் பிழைத்தான். நிமிர்ந்து நடக்கத்தான் முடியவில்லை. குடித்தால் அடிப்பான், உட்கார்ந்தபடியே அடிப்பான். "அவரு கை எம்புட்டு நீளம்னு எனக்கு அளவு தெரியும்ண்ணே. அடுப்பை அதுக்கு அங்கிட்டுத்தான் வச்சிருக்கேன்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

குத்தகைதாரர் போன பிறகு மற்ற நான்கு குடும்பத்து ஆண்களும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போய்விட்டார்கள். பெண்கள் கண்மாய்க் கரையின் வெளிச்சரிவில் தென்னங்கீற்றுக் குடிசைகளில் தங்கினார்கள். விடியற்காலை திண்டுக்கல் சந்தைக்குப் போய் ஐஸ் மீன் வாங்கி, நத்தம் சாலைக் கிராமங்களில் விற்றார்கள். மீன் கூடையைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்பதால், பாலித்தீன் பையில் கட்டி, மூடி போட்ட அலுமினியப் பானைக்குள் வைத்து, மேலே ஒரு சேலையை மடித்துப் போட்டு ஏறினார்கள். உள்நாட்டுப் பெண்களுக்கு மீனை வெட்டிக் கொடுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள். கடற்கரையில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொருத்தியும் பானையோடு ஒரு அரிவாள்மனையும் சுமந்தாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அந்தச் சரிவில் குடிசை நின்ற இடத்துக்குப் பட்டா. தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தாள். ஊருக்கு ஆட்சேபணை இல்லையென்றால் பார்க்கலாம் என்று கிராம நிர்வாக அலுவலர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஏழு வருஷம் ஊரில் குரல் உயர்த்திப் பேசாமல் இருந்தாள். வேதக்காரியாக இருந்தும் அம்மன் கோயில் வரி கொடுத்தாள். திருவிழாவில் இறங்கலாமா என்று முதல் நாளே நாட்டாமை வீட்டுக்குப் போய்க் கேட்டாள். "இறங்குங்க. எல்லாரையும் மாதிரிதான் நீங்களும்" என்று அவர் சொன்னார்.

ஒன்றை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. திருவிழாவில் பிடித்த மீனை அந்தப் பக்கத்தில் யாரும் விற்பதில்லை. அவரவர் வீட்டில் குழம்பு வைப்பார்கள், மிஞ்சினால் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்புவார்கள். கண்மாய் கொடுத்ததைக் காசாக்கினால் அடுத்த மழை வராது என்று நம்பிக்கை. கடற்கரையில் பிறந்தவளுக்கோ விற்காத மீன் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

மதியம் நான் திண்டுக்கல் திரும்பினேன். பஸ் நிலையத்துக்கு வெளியே சுவரோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அலுமினியப் பானை, அதில் விரால் உயிரோடு நெளிந்தது. சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள்.

"வாங்கண்ணே. காலையில பார்த்தீகளே, அதே மீனுதான்."

அரைக் கிலோ வாங்கினேன். தலையில் ஒரு அடி, சாம்பலில் ஒரு புரட்டு, அரிவாள்மனையில் நாலு இழுப்பு. இரண்டு நிமிஷத்தில் பையில் கட்டிக் கொடுத்தாள். வீட்டில் கொடுத்துவிட்டு அலுவலகம் போய்ச் செய்தி எழுதினேன். பன்னிரண்டு வரி. திருவிழாச் செய்திகளை முடிப்பதற்கு என்னிடம் சில வாக்கியங்கள் தயாராக இருக்கும். 'ஏராளமானோர் கலந்துகொண்டு மீன்களை அள்ளிச் சென்றனர். விற்பனையும் களைகட்டியது.' யோசித்து எழுதியது அல்ல.

மறுநாள் காலை அதே ஊருக்குப் போனேன். குடிநீர் லாரி வராதது பற்றி எழுதச் சொல்லி ஊராட்சித் தலைவர் கூப்பிட்டிருந்தார். அவர் வருகிறவரை டீக்கடையில் காத்திருந்தேன். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், நாட்டாமையும் இருந்தார். பக்கத்துக் கடை டெய்லர் வழக்கம்போல் பேப்பரைச் சத்தமாக வாசித்தார். தங்கள் ஊர்ப் பெயர் வந்ததும் எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள். கடைசி வரியை வாசித்த டெய்லர் நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"கடைசியை இன்னொருக்கா படி" என்றார் நாட்டாமை.

"விற்பனையும் களைகட்டியது."

"யாருப்பா வித்தது?"

"பேப்பர்க்காரரே உக்காந்திருக்காரு. அவரைக் கேளுங்க."

நாட்டாமை என் பக்கம் திரும்பினார். "சார், கண்ணால பார்த்தீகளா, இல்ல சும்மா எழுதுறதா?"

சும்மா எழுதியது என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மையும் அதுதான். ஆனால் பார்க்காததை எழுதினேன் என்று பத்துப் பேர் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

"பார்த்தேன்" என்றேன்.

"யாரு?"

"கரையில குடியிருக்காங்களே, அவங்க."

ஒருவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். பெஞ்சு ஓரத்தில் பால் ஊற்ற வந்த ஒரு பெண் சொன்னாள்: "நாலு வருசமா என் மாங்கன்னுக்குக் குடத்துல தண்ணி சொமக்குறேன். இவளுக மழையைப் பஸ் ஸ்டாண்டுல கூறு போட்டு வித்துட்டு வந்திருக்காளுக." அவள்தான் முதலில் நடந்தாள். கரைக்குப் போகும்போது முப்பது பேர் ஆகியிருந்தது. நானும் பின்னால் போனேன்.

அவள் குடிசைக்கு வெளியே அரிவாள்மனையைச் சாணைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் வாசலில் சாய்ந்திருந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"மீனை வித்தியா?" என்று நாட்டாமை கேட்டார்.

"ஆமாங்கய்யா, வித்தேன்." அவள் முகத்தில் பயம் இல்லை. என்ன தப்பு என்று தெரியாத முகம். "மீனை விக்காம வேறென்ன செய்ய?"

பால்காரப் பெண் அவளைச் செவிட்டில் அறைந்தாள். ஒரு கையில் இருந்த காலிப் பால் கேனால் இன்னொரு அடி. யாரோ தண்ணீர்ப் பானையை உதைத்தார்கள். புருஷன் அருகில் நின்ற ஒரு வாலிபனின் காலைக் கட்டிப்பிடித்துக் கெண்டைச் சதையைக் கடித்தான். அந்த வாலிபன் ஊத்தாக் கம்பால் அவன் முதுகில் மூன்று முறை அடித்தான். நான்காவது அடிக்குக் கை ஓங்கியபோது அவள் அரிவாள்மனையைப் பலகையோடு தூக்கிச் சுழற்றினாள். வாலிபனின் முன்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை திறந்தது. தன்னை அடிக்கிற புருஷனைத்தான் அவள் காப்பாற்றினாள் என்று பிறகு ஊரில் கேலி பேசினார்கள்.

ரத்தத்தைப் பார்த்ததும் எல்லோரும் ஒன்றாக விழுந்தார்கள். முடியைப் பிடித்து ஒருவன் இழுத்தான். அரிவாள்மனையைப் பிடுங்க இரண்டு பேர் ஒரு பக்கம் இழுக்க, அவள் விடாமல் மறுபக்கம் இழுத்தாள். எந்த நொடியில் அவள் கை பிடியை விட்டு அலகுக்கு நகர்ந்தது என்று நான் பார்க்கவில்லை. வலது கையின் சுண்டுவிரலும் அடுத்த விரலும் மண்ணில் விழுந்தன. அவள் கத்தவில்லை. கையைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு குனிந்து விரல்களைத் தேடினாள். அதற்குள் யாரோ மிதித்துவிட்டார்கள்.

மற்ற நான்கு பெண்களும் அடி வாங்கினார்கள். ஒருத்தியின் காது தோட்டோடு கிழிந்தது. கீற்றுகளைப் பிரித்து எறிந்தார்கள். ஒருவன் தீக்குச்சி உரசினான். நாட்டாமை ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டார். "மடப்பயலே, காத்து ஊர்ப்பக்கம் அடிக்குது. வைக்கப்போரு அம்புட்டும் போயிரும்." அதனால்தான் குடிசைகள் எரியவில்லை.

நான் புளியமரத்தடியில் நின்றிருந்தேன். தடுக்கவில்லை. ஐந்து பெண்கள், ஓர் ஆண், காயம்பட்ட ஒரு வாலிபன், கவிழ்ந்த பானைகள் ஏழு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தொழில் கற்றுக் கொடுத்தது அது.

நத்தத்திலிருந்து திரும்பிய ஒரு பால் வேனை நிறுத்தி அவளை ஏற்றினார்கள். கூட வர ஆளில்லை. நான் ஏறினேன். என் துண்டை அவள் கையில் சுற்றி, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன். வேன் பாதி தூரம் போனது. பிறகு, "பேப்பர்ல எழுதுனது நீங்களாண்ணே?" என்றாள்.

"ஆமா."

"திருப்பி எழுதுங்க. நாங்க விக்கலைன்னு எழுதுங்க."

"நீங்க வித்தீங்களேம்மா. நானே வாங்கினேனே."

"வித்தேன். விக்கலைன்னு எழுதுங்க."

"அப்படி எழுத முடியாது."

அவள் என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. "கை போனாப் போகுது. இனி எனக்குப் பின்னால தள்ளிக் கட்ட எடம் இல்லண்ணே. ஊரு ஆட்சேபணை சொல்லிருச்சுன்னா பட்டா போச்சு. நீங்க எழுதித்தானே அவுக நம்புனாக."

பெரியாஸ்பத்திரியில் விரல்கள் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றேன். தையல் போட்டு அனுப்பினார்கள்.

போலீஸ் இரண்டு பக்கமும் வழக்கு எழுதத் தயாரானது. ஊரில் எட்டுப் பேரைத் தேடினார்கள், அரிவாள்மனையால் வெட்டியதற்கு அவளையும். மூன்றாம் நாள் நாட்டாமை என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். தண்ணீர் குடித்தார். சுற்றி வளைக்கவில்லை.

"சார், நீங்க தப்பா எழுதிட்டீகன்னு ஒரு வரி போட்டுருங்க. வித்தது பொய்யின்னு ஆயிட்டா, அடிச்சது நாங்க தெரியாம அடிச்சதாப் போயிரும். அந்தம்மா கேஸ் குடுக்காது, நாங்களும் குடுக்க மாட்டோம். பயலுக ஊருக்குள்ள வரணும்ல."

"ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

துண்டை உதறித் தோளில் போட்டார். "விக்காதவளுக்குக் குடுக்குறதுல என்ன இருக்கு?" என்றார்.

மதுரை அலுவலகத்துக்கு மூன்று வரி அனுப்பினேன். மீன்கள் விற்கப்பட்டதாக வெளியான செய்தி தவறானது, வருந்துகிறோம். உதவி ஆசிரியர் போனில் கேட்டார்: "நிஜமாவே தவறா?" தவறுதான் என்றேன். ஆறாம் பக்கம் கீழே வந்தது. அதே டீக்கடையில் அதே டெய்லர் அதை இரண்டு முறை வாசித்ததாகக் கேள்விப்பட்டேன். யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

பட்டா உடனே வந்துவிடவில்லை. மனுவில் இருந்த கையெழுத்தும் புதிதாகப் போட்டதும் ஒத்துப்போகவில்லை என்று எழுத்தர் திருப்பி அனுப்பினார். அவள் கட்டுப்போட்ட கையைக் காட்டினாள். மருத்துவச் சான்று கேட்டார். சான்று வாங்கிக் கொடுத்து இடது பெருவிரல் ரேகை வைத்தாள். பிறகு அடுத்த வருஷக் கடைசியில் சுனாமி வந்தது. கடற்கரை ஆட்கள் என்றதும் அலுவலகத்தில் மரியாதை கூடியது. புதிதாக வந்த எழுத்தர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "சுனாமியில பாதிச்சதுன்னு போட்டா சீக்கிரம் முடியும்மா."

"எங்க வீட்டைக் கடலு மெதுவாத்தான் எடுத்துச்சு சார். சுனாமி இல்ல."

"மெதுவா எடுத்ததுக்கு லிஸ்ட் கிடையாதேம்மா."

"லிஸ்ட்டுல போட்டா வீடு எந்தப் பக்கம் குடுப்பாக?"

"கடற்கரைப் பக்கம்தான்."

"அப்ப வேண்டாம் சார். பழைய மனுவே கெடக்கட்டும்."

அதற்கடுத்த வருஷம் மழை பெய்தது. கண்மாய் நிறைந்தது. பட்டாவும் வந்தது. மறுபடி தண்ணீர் இறங்கி, ஊர் திருவிழா வைத்தபோது நான் போனேன். செய்தி எழுத அல்ல. அந்த வேலையை அதற்குள் விட்டிருந்தேன். சேலை வலையை மற்ற பெண்கள் கையால் இழுத்தார்கள். அவள் கயிற்றை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தாள், பிடிக்க மூன்று விரல்தான் என்பதால். அவர்களை யாரும் கேலி பேசவில்லை. அவர்கள் பக்கத்தில் வந்து யாரும் ஊத்தா குத்தவும் இல்லை.

குடிசைக்குப் பின்சுவர் செங்கல்லில் எழுந்திருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து விராலைத் தலையில் அடித்துச் சாம்பலில் புரட்டினாள். புருஷன் உள்ளே தூங்கினான். ஒரு மீனைத் துண்டு போட்டு, கேட்காமலே என்னிடம் நீட்டினாள். சட்டைப் பையில் கைவிட்டேன்.

"கையை எடுங்கண்ணே" என்றாள். "நாங்க விக்கிறதில்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீக."

வாங்கிக்கொண்டேன். அப்போது கரைமேல் முன்கையில் நீளத் தழும்போடு அந்த வாலிபன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஹாண்டில்பாரில் இரண்டு மீன் தொங்கின. அவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் வெட்டுவதை நிறுத்தி, அரிவாள்மனையை இடது காலால் நகர்த்தி அலகைப் பாதையின் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் புளியமரத்தைத் தாண்டுகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு அடுத்த மீனை எடுத்தாள்.